மலைவண்டிக்கு எத்தனை உயரம்?

நம் நாட்டு மாட்டுவண்டியின் சக்கரம் ஏன் அத்துணைப் பெரிதாக அமைந்திருக்கிறதென்று இளமையில் எண்ணிப் பாராதவர் சிலரே இருப்பர். ஆள் மார்பளவுக்கு எழும்பி நிற்கும் அச்சக்கரத்தைத் தச்சன் அழகுக்காகச் செய்தானல்லன். சாணகலப் பள்ளமொன்றில் சிறு சக்கரம் இறங்கி அமிழ்ந்துபோம். பெருஞ்சக்கரமோ அதன் இரு கரைகளையும் ஒருங்கே தொட்டுக்கொண்டு உருண்டுவிடும். வழியிற் கிடக்கும் கல்லின் செய்தியும் இதுவே. அச்சின் மட்டத்துக்குக் கல்லின் தலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு சக்கரம் அதன்மேல் இலகுவாக ஏறும். இன்று மோட்டார் வண்டியைக் காட்டுப்பாதையில் ஓட்டுவோர் பெரிய டயர் வேண்டுமென்று அவாவுவதும், அதற்கு இடங்கொடுக்கும்பொருட்டு வண்டியின் உடலைத் தூக்கிக் கட்டுவதும் அப்பழைய ஞானத்தின் தொடர்ச்சியே. ஆயினும் மாட்டுவண்டிக்கு இல்லாத தொல்லைகள் மோட்டாருக்கு உண்டு. அவற்றை ஓராண்டுக் காலம் அளந்தும், விவாதித்தும், சிற்சில வேளை சச்சரவிட்டும் யாம் அறிந்துகொண்டவற்றை இம்மலரின் வாசகர்களுக்குக் கூற விழைகிறோம். நம் கல்லூரியின் பழைய மாணவர்களுள் மலைத்தோட்டம் வைத்திருப்போரும், விடுமுறையில் ஜீப்பேறி மலைக்குச் செல்வோரும் பலர் உளராதலின் இது முற்றும் பயனற்றுப் போகாதென நம்புகிறோம்.

யாம் என்றது பத்திரிகை மரபுபற்றி மட்டுமன்று. உண்மையாகவே எம் குடும்பத்தார் பலரைக் குறித்தது. தமையனார், யாம், தமையனாரின் மகன், எண்பதைத் தாண்டிய எம் தாயார் ஆகிய நால்வருக்கும் இவ்வண்டியில் உரிமையுண்டு. எனவே நால்வருக்கும் அபிப்பிராயமும் உண்டு. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கத்தில் எமக்குச் சிறிய காப்பித் தோட்டமொன்று இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் தார்ச்சாலை நல்ல சாலையே. அதை விட்டுப் பிரிந்து தோட்டத்துக்குச் செல்லும் கடைசி நான்கு கிலோமீட்டர்தான் சோதனைக் களம். செம்மண், அதில் புதைந்து தலைமட்டும் நீட்டும் பாறைகள், மழைநீர் அறுத்த தாரைகள், நடுவே ஓர் ஓடை. ஓரிடத்தில் பாதை பள்ளத்தாக்கின் பக்கமாகச் சரிந்து கிடக்கும். தை மாதத்தில் காப்பிக்கொட்டை மூட்டைகள் இறங்குவதும், மாதத்துக்கொரு முறை தாயார் முழங்கால் வைத்தியத்துக்காக வத்தலக்குண்டுக்கு இறங்குவதும் இவ்வழியாகத்தான்.

வண்டி மாருதி ஜிப்ஸி. 1985-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்து, 2019-க்குள் பொதுமக்களுக்குக் கிடைக்காமற்போன அவ்வண்டியை அறியாத மலைவாசிகள் இல்லை. எம்முடையது 2005-இல் வாங்கியது, 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்ஜின், ஏறத்தாழ 80 குதிரைச்சக்தி. முன்னும் பின்னும் முழு அச்சு; நான்கு சக்கரத்துக்கும் வில்பட்டைகள். இக்காலத்து வண்டிகளில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் ஏற்பாட்டைக் காண்கிறோம். ஜிப்ஸியில் அந்நாகரிகம் இல்லை. இதனால் நகரத்துச் சாலையில் முதுகு நோகும். காட்டிலோ கொல்லுப்பட்டறையறிந்த எவரும் அதனைப் பழுதுபார்க்கலாம்.

தொல்லை தொடங்கியது ஓடைக்கரைப் பாறையொன்றினால். வண்டியின் அடியில் நிலத்துக்கு மிக அண்மையிலிருப்பது எது என்று பலர் சரியாக அறியார். உடலன்று, சட்டமன்று, எஞ்ஜினுமன்று. அச்சின் இடையே பானைபோல் உப்பியிருக்கும் டிஃபரன்ஷியல் கூடு அது. பட்டறைக்காரர் அதனைக் கிரௌன் என்பர். ஜிப்ஸிக்கு நிலத்திடைவெளி 210 மில்லிமீட்டர் என்று குறித்திருப்பது இதன் அடிமட்டத்தைக் கொண்டே. ஓடைப் பாறை அக்கூட்டை ஒவ்வொரு பயணத்திலும் உரசியது. ஒருநாள் எண்ணெய் கசிந்தது. அன்று மாலை எம் தமையனார் மகன், கோயம்புத்தூரில் பொறியியல் பயில்பவன், "சித்தப்பா, வண்டியை ஐந்து அங்குலம் தூக்கிவிட்டு முப்பத்தோரங்குல டயர் போட்டால் இந்தப் பாறை ஒரு பொருட்டே அல்ல" என்றான். கைப்பேசியில் படமும் காட்டினான். படத்திலிருந்த வண்டி அழகாகத்தான் இருந்தது.

இவ்விடத்தில் பலரும் அறியாத ஒரு செய்தியைச் சற்று விரித்துரைப்போம். வில்பட்டையை உயர்த்தினால் உயர்வது பட்டைக்கு மேலுள்ளவை மட்டுமே: சட்டம், எஞ்ஜின், உடல், அதில் அமர்ந்திருப்போர். அச்சு சக்கரத்தோடு பிணைந்தது. ஆதலால் வண்டியை ஐந்து அங்குலமன்று, ஐந்து அடி தூக்கினாலும், டயர் மாறாதவரை கிரௌன் கூடு ஓர் இம்மியும் உயராது. பாறை அதனை முன்போலவே உரசும். அச்சை உயர்த்த வல்லது டயர் ஒன்றே. அதுவும் தன் விட்டத்தின் வளர்ச்சியில் பாதியைத்தான் கொடுக்கும். உடலை உயர்த்துவதன் பயன் வேறு. பெரிய டயர் மட்கார்டில் இடியாதபடி இடமளிப்பதும், முன்மூக்கும் பின்வாலும் மேட்டில் முட்டாமற் காப்பதும், இரு அச்சுகளுக்கும் நடுவயிறு மண்திட்டில் குந்தாமற் பார்ப்பதும் அதன் வேலைகள். இதைத் தெளிந்துகொண்டால் எதை முதலில் நிச்சயிக்க வேண்டுமென்பது தானே விளங்கும். பாதைக்கு எந்த டயர் வேண்டுமென்று முதலிற் காண்க. அந்த டயர் தடையின்றிச் சுழல எவ்வளவு உயரம் போதுமென்று பிறகு காண்க. பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். வண்டியைத் தூக்கிவிட்டு, தூக்கிய வண்டியில் பழைய டயர் அற்பமாகத் தோன்றுகிறதேயென்று பெரிதை வாங்குகின்றனர்.

தோட்டத்துத் திண்ணையில் கரித்துண்டால் கணக்கிட்டோம். எம் வண்டியின் டயர் 205/70 ஆர் 15. முதலெண் டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது, அதன் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. மூன்றாவது உள்வளையத்தின் விட்டம் அங்குலத்தில். 15 அங்குலம் 381 மில்லிமீட்டர். இரு பக்கச்சுவர்களும் சேர்ந்து 287. ஆக விட்டம் 668 மில்லிமீட்டர். பொலேரோ வண்டிக்குப் போடும் 215/75 ஆர் 15 டயர் 703 மில்லிமீட்டருக்குச் சிறிது மேல். அதனால் அச்சு ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் உயரும். 235/75 ஆர் 15 டயர் 733 மில்லிமீட்டர். அச்சு 33 மில்லிமீட்டர் உயரும். பையன் விரும்பிய 31 அங்குல டயர் 787 மில்லிமீட்டர். அச்சுக்கு 60 மில்லிமீட்டர் கிடைக்கும். பாரத்தில் டயர் சிறிது நசுங்குமாதலால் உண்மையில் இவை சற்றுக் குறையும். பாறையைக் கயிறு கட்டி அளந்தோம். கூட்டை உரசாதிருக்க 15 மில்லிமீட்டர் கிடைத்தாலே போதுமானதாக இருந்தது. பையன் அளவுகோலை வாங்கி மறுபடியும் அளந்தான்.

"பாறை ஒன்றுதானா வழியில்?" என்றான் அவன். நியாயமான வினா. மழைக்காலத்தில் ஓடைக்கரை மாறும். புதிய கற்கள் தலைகாட்டும். மிகுதி இருந்தால் நன்றே. ஆகவே பெரிய டயருக்கு நாம் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறதென்று ஆராய்ந்தோம். கடையில் கொடுக்கும் விலை அன்று இது.

சக்கரம் பெரிதாயின் ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரம் கூடும். எஞ்ஜினுக்குக் கியர் உயர்ந்ததற்கு ஒப்பாகும். 31 அங்குல டயரில் இழுவிசை ஆறிலொரு பங்குக்குச் சற்றே குறைவாக நட்டப்படும். எட்டு மூட்டையோடு மலையேறும்போது 80 குதிரைகளில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் ஓடிப்போனாற்போல. லோ கியரில் ஊர்ந்து இறங்கும்போது எஞ்ஜின் பிடிக்கும் பிடியும் அதே அளவு தளரும். பிரேக்கும் அவ்வாறே; பெரிய சக்கரத்தை நிறுத்த அதே டிஸ்க்கும் டிரம்மும் அதிகம் உழைக்க வேண்டும். வேகமானி 60 என்று காட்டும்போது உண்மை வேகம் 70-க்கு மேலிருக்கும். 215 அளவில் இவ்விழப்புகள் நூற்றுக்கு ஐந்து. வேகமானி 60 காட்டினால் 63. கிரௌன் பினியனின் பல்விகிதத்தை மாற்றி இழுவையை மீட்கலாமென்று பையன் சொன்னது உண்மையே. ஆயின் ஒன்றுக்காக ஒன்று, அதற்காக மற்றொன்று என்று வளரும் அச்செலவுக்கு எம் காப்பி ஈடுகொடாது.

இனி உயர்த்தும் முறைகளுக்கு வருவோம். திண்டுக்கல்லில் வில்பட்டை வேலையில் முப்பதாண்டு பழகிய மேஸ்திரி ஒருவரைக் கண்டோம். அவர் கூறியவற்றையும் யாம் பிறகு அறிந்தவற்றையும் கலந்து சொல்கிறோம்.

மலிவானது சாக்கிளை நீட்டுவது. வில்பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு பிணைத்து ஊசல்போல் ஆடும் இரும்புக் கட்டைக்குச் சாக்கிள் என்று பெயர். அது ஒரு முனையில் மட்டுமே இருப்பதால், அதை இரண்டங்குலம் நீட்டினால் வண்டி ஓரங்குலமே உயரும். சாக்கிள் முன்முனையிலிருக்கும் வண்டிகளில் இதனால் முன்னச்சு சற்றே உருண்டு, ஸ்டியரிங்குக்குத் தானே நேர்திரும்பும் குணத்தைத் தரும் காஸ்டர் கோணம் குறைந்துவிடும். "சார், கையை விட்டா வண்டி அலையும்" என்று மேஸ்திரி சுருங்கச் சொன்னார். இரண்டாவது, பழைய பட்டைக் கட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் செருகுவது. உயரம் கிடைக்கும், ஆனால் வில் இறுகிவிடும். பாரமின்றி ஓடும்போது சக்கரம் குழியில் இறங்காமல் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது?

மூன்றாவது, உடலுக்கும் சேஸிஸ் சட்டத்துக்கும் நடுவே கட்டைகள் வைத்து உடலை மட்டும் தூக்குவது. எஞ்ஜினும் சட்டமும் பழைய இடத்திலேயே நிற்பதால் வண்டியின் கனம் அதிகம் மேலேறாது. டயருக்கு இடமும் கிடைக்கும். இதனை இகழ்வோர் பலர், யாம் இகழமாட்டோம். ஆயின் ஸ்டியரிங் தண்டு, கியர்க்கம்பி, பெட்ரோல் ஊற்றும் குழாய், விசிறியைச் சூழ்ந்த கூடு எல்லாம் அவ்வளவுக்கு இடம்பெயர்ந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சமாதானம் செய்விக்க வேண்டும்.

பையன் கேட்டது நான்காவது. ஜிப்ஸியில் வில்பட்டை அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கிறது. அதனை எடுத்து அச்சுக்கு மேலே கட்டினால், புதுப் பட்டை வாங்காமலே சுமார் ஐந்தங்குலம் ஒரேயடியாக உயரும். சக்கரத்தின் அசைவும் மென்மையாகவே நிற்கும். கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஆனால் அச்சுக்குழாயின் மேல் பட்டை அமரும் பீடங்களைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். சூட்டை அளந்து வைக்கத் தெரியாதவன் கையில் அக்குழாய் கோணிவிடும். எஞ்ஜினின் முறுக்கிலும் பிரேக்கின் பிடியிலும் அச்சு பட்டையைச் சுருட்டி வளைக்கப் பார்க்கும். கியர்ப்பெட்டியிலிருந்து தனியே நிற்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியினின்று இறங்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டுகள் செங்குத்தாகி, கிராஸ் மூட்டுகள் கதறும். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் இழுகம்பி சாய்ந்துவிடும். அதன் பிறகு சக்கரம் ஒவ்வொரு மேட்டில் ஏறும்போதும் ஸ்டியரிங் தானே ஒரு பக்கம் திரும்பும். பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் இரண்டையும் நீளமானவையாக மாற்றவேண்டும். ஹோஸை மறந்தவன் குழியில் சக்கரம் தொங்கும்போது பிரேக்கை இழப்பான். இவையெல்லாவற்றையும் முறையாகச் செய்து செவ்வையாக ஓடும் வண்டிகள் உண்டென்பதை மறுக்கவில்லை. பந்தயத்துக்கும் விளையாட்டுக்குமென்று செய்பவர்கள் அவர்கள். தாயாரை வைத்தியத்துக்கு ஏற்றிச்செல்பவர்களல்லர்.

நிற்க. இவ்விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த தோட்டத்தில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. நெடுக உயர்த்தப்பட்ட பழைய ஜீப்பொன்று, மழைக்கு மறுநாள், யாம் முன்னே சொன்ன சரிவில் நடைவேகத்தில் வந்துகொண்டிருந்தது. மேற்பக்கச் சக்கரம் ஒரு வேரின் மேலேறியது. வண்டி அவசரமேயின்றி, தூக்கக்கலக்கத்தில் ஒருவர் சாய்வதுபோல், பள்ளப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. வெள்ளோக்கு மரமொன்று தடுத்திராவிடில் கீழே நாற்பதடி. ஓட்டியவருக்குத் தோளெலும்பு முறிந்தது. பின்னே இருந்த இரு பெண்கள் மண்ணில் வீழ்ந்து, இறையருளால் சிராய்ப்போடு எழுந்தனர். கயிறு கட்டி வண்டியை நிமிர்த்தச் சென்றவர்களில் யாமும் ஒருவர். பையனும் வந்திருந்தான், திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை.

வகுப்பில் யாம் கற்ற பௌதிகம் அன்றிரவு உதவிற்று. பக்கவாட்டில் வண்டி கவிழும் எல்லையை நிருணயிப்பவை இரண்டே: இடவல சக்கரங்களின் இடையகலம், கனமையத்தின் உயரம். இடையகலத்தில் பாதியைக் கனமையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண் எவ்வளவு பெரிதோ, வண்டி அவ்வளவு நிலையுடையது. ஜிப்ஸியின் முன்னிடையகலம் 1,300 மில்லிமீட்டர். கனமையம் 650 மில்லிமீட்டரில் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது அவ்வெண் 1. அதாவது 45 பாகைச் சரிவில் கவிழும். 31 அங்குல டயருக்கு 60 மில்லிமீட்டரும், பட்டையை மேலேற்றியதற்கு 125 மில்லிமீட்டரும் கூட்டினால் கனமையம் 835 ஆகும், எண் 0.78, கவிழும் சரிவு 38 பாகைக்கும் கீழே. அச்சும் சக்கரமும் உடலோடு உயர்வதில்லையாதலால் உண்மை இதைவிடச் சற்றுத் தேவலை. ஆயின் வில்பட்டை ஒருபுறம் அமுங்குவதும், மூட்டைகள் சரிவதும், வேர் ஒன்று குறுக்கிடுவதும் கணக்கில் வாராதவை. அவை அக்கோணத்தைப் பாதியாக்கிவிடவும் கூடும். ஏழு பாகை இழப்பென்பது தாளில் சிறிது. அச்சரிவில் அது ஒரு வேரின் உயரம்.

இதனோடு சேர்ந்த பழைய வழக்கொன்றையும் குறிப்பிடலாம். ஜிப்ஸிக்கு உடன்பிறப்பாகிய சாமுராய் என்னும் வண்டி அமெரிக்காவில் விற்கப்பட்டபோது, அது எளிதில் கவிழக்கூடியதென்று கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்னும் சங்கம் 1988-இல் தன் பத்திரிகையில் எழுதிற்று. சுஸுகி நிறுவனம் 1996-இல் வழக்குத் தொடர்ந்தது. 2004-இல் இரு தரத்தாரும் சமாதானமாயினர். யார் பக்கம் நியாயமென்பது எமக்கு வேண்டா. தொழிற்சாலை உயரத்திலேயே இத்துணை வாதத்துக்கு இடந்தந்த குடும்பத்து வண்டியை மேலும் தூக்குவோர் அதனை ஒரு முறையேனும் எண்ணிப் பார்ப்பது நலம்.

சட்டமும் ஒரு புறம் நின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. பதினைந்தாண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எம் வண்டியை 2020-இல் புதுப்பித்தோம், அடுத்தது 2025-இல். பட்டையை மேலேற்றிய வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்தும் துணிவு எம்மில் எவருக்கும் இல்லை. விபத்தொன்று நேர்ந்து காப்புறுதி நிறுவனத்தார் அதனைக் காரணங்காட்டினால், தோட்டத்தை விற்றுத்தான் ஈடுசெய்ய வேண்டும்.

தாயாரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஆயினும் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் பையனை அழைத்து, திண்ணைப்படியின் மேல் ஒரு பலகையும் அதன்மேல் இரண்டு செங்கல்லும் வைக்கச் சொன்னார். "இப்போது இருக்கிற படிக்கு மேலே நீ சொல்லுகிற உயரம் இவ்வளவுதானே?" என்று கேட்டு, அதில் ஏற முயன்றார்; முடியவில்லை. "ஏணியையும் வண்டியிலேயே கட்டிவிடு, அப்பா" என்றார். அவன், "இல்லை அப்பத்தா, இன்னும் முடிவாகவில்லை" என்று முணுமுணுத்துச் செங்கற்களை எடுத்துவிட்டான்.

வண்டியை மேஸ்திரியிடம் மறுபடி கொண்டுசென்றபோது அவர் செய்த முதற்காரியம் எம்மை வியப்பில் ஆழ்த்திற்று. டேப்பை எடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் மட்கார்டின் விளிம்புவரை அளந்தார். முன்வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட 25 மில்லிமீட்டர் தாழ்வு. ஓட்டுநர் அமரும் பக்கம் அது. பின்பக்கம் இரண்டும் புதுவண்டியின் அளவைவிட 40 மில்லிமீட்டர் தாழ்வு. இருபதாண்டு மூட்டை சுமந்த பயன். "சார், நீங்க வண்டியைத் தூக்க வேண்டாம், விழுந்ததை நிமிர்த்தினாலே போதும்" என்றார். உயரத்தைத் தேடி யாம் அலைந்துகொண்டிருக்க, உரிய உயரமே எம்மைவிட்டு ஒவ்வொரு மில்லிமீட்டராக நழுவியிருந்தது.

டயரைச் சோதிக்கும் விதத்தையும் அவர் கற்பித்தார். இது எல்லோருக்கும் பயன்படும். சமதரையில் டயர் இடிக்கவில்லையென்பது ஒன்றையும் காட்டாது. மூலைவிட்டமாக, இடப்பக்க முன்சக்கரத்தையும் வலப்பக்கப் பின்சக்கரத்தையும் கற்குவியல்மேல் ஏற்றி, பின்னே முழுப்பாரத்துக்கு மூட்டைகளை அடுக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்ப வேண்டும். பம்ப் ஸ்டாப் ரப்பரின்மேல் களிமண் உருண்டையொன்றை ஒட்டிவைத்தால், அது எவ்வளவு நசுங்கிற்றென்பதைக்கொண்டு அச்சு மேலே எவ்வளவு வந்ததென்று அறியலாம். டயரின் தோளில் சுண்ணக்கட்டியைப் பூசிவைத்தால் மட்கார்டில் எங்கு உரசிற்றென்பது வெள்ளையாகத் தெரியும். எம் வண்டியில் 235 டயரை இரவல் வாங்கிப் பூட்டிப் பார்த்தோம். நிமிர்த்திய பட்டையிலும், முழுத் திருப்பத்தில் உட்பக்கம் இரண்டு இடங்களில் வெள்ளை ஒட்டிற்று. 215 டயரில் எங்கும் ஒட்டவில்லை.

ஆகவே தொழிற்சாலை வளைவிலேயே புதிய வில்பட்டைகள் நான்கும், புதிய புஷ்களும், யூ போல்ட்களும், உரிய நீளமுள்ள ஷாக் அப்சார்பர்களும் போட்டோம். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் பூட்டலாமா என்ற எம் தமையனாரின் சிக்கன வினாவுக்கு மேஸ்திரி பதிலே கூறவில்லை. ஒருமுறை இழுத்து முறுக்கிய மரை மறுமுறை நம்பத்தக்கதன்று. டயர் 215/75 ஆர் 15. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு ஆட்சேபமில்லையென்று அறிந்து, காப்புறுதியாளருக்கும் தெரிவித்த பின்னரே வாங்கினோம். இவ்வளவைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொலேரோ ஓடாத மலையூர் எங்குள்ளது? வத்தலக்குண்டில் எந்த டயர்க்கடையிலும் அது கிடைக்கும். அபூர்வமான டயர் கிழிந்துபோய், அதன் ஜோடி ஊரிலிருந்து வரும்வரை பழுத்த காப்பி காத்திராது.

செம்மண் பாதை தொடங்குமிடத்தில் டயரின் காற்றை 26 பவுண்டிலிருந்து 18 பவுண்டுக்கு இறக்குகிறோம். பக்கச்சுவர் உயர்ந்த டயராதலால் அது கல்லின்மேல் பிதுங்கி அதனைக் கவ்விப் பிடிக்கிறது. ஐந்தங்குல உயர்வில் கிடைத்திராத பிடிப்பு இதில் கிடைக்கிறது. தார்ச்சாலையை அடைந்ததும் சிறிய காற்றடிக்கும் யந்திரத்தால் நிரப்பிக்கொள்கிறோம். பத்து நிமிட வேலை. அதற்குள் தாயார் வெற்றிலை போட்டுக்கொள்வார். அவர் ஏறும் படி புதுவண்டியின் படியைவிட 18 மில்லிமீட்டரே உயர்ந்தது. அதையும் அவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

பதிவு 2025-இல் புதுப்பிக்கப்பட்டது. கிரௌன் கூட்டின் அடியில் பையன் சுண்ணக்கட்டியால் கோடொன்று கிழித்துவைத்திருக்கிறான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் படுத்துப் பார்த்து, கோடு அழிந்ததா இல்லையா என்று எமக்கு அறிக்கை தருகிறான். ஆடி முடியும்வரை கோடு முழுமையாக இருந்தது. ஐப்பசி மழையில் ஓடை தன் கரையை மாற்றிக்கொண்டு, முன்னிலும் பெரிய பாறையொன்றை வெளியே தள்ளியிருக்கிறது. கோட்டில் பாதி போயிற்று. 235 டயருக்கு மட்கார்டின் உட்பக்கம் எவ்வளவு தட்ட வேண்டியிருக்கும் என்று பையன் மேஸ்திரிக்கு எழுதியிருக்கிறானாம். எம் தமையனாரோ கடப்பாரையும் இரண்டு ஆட்களும் ஓடைக்கு அனுப்பியிருக்கிறார்.